என் எல்

ஆதாரில் எலன்.
ஞானஸ்நானச் சீட்டில் எலன் சகாயமேரி.
கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரை
எவரைக் கேட்டாலும் நெல்.

பனைமரத்தொட்டியில் வளர்ந்தவள் நான்.
எங்கள் பக்கம் நெல் விளைந்ததை
நாய்கூடக் கண்டதில்லை.
விளைவது உப்புக்காற்று, துரு,
மாசக் கடைசியில் தண்டல்காரன்.
அதனால் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.

ஒல்லிப்பிச்சான், அதான் நெல் என்றாள்
ஐஸ் கம்பெனி ரெஜினா.
ரேஷன் க்யூவில் அம்மாவுக்கு வலி கண்டதாம், அதனால் என்றான் ஒருத்தன்.
பாக்ஸிங் கிளப்புக்குப் போன ரெண்டு வருஷமும்
"நெல்லு குத்துது பாரு" என்று கத்தினார்கள்.
பஸ்ஸில் உரசி வாங்கிக் கட்டிக்கொண்டவன் மட்டும்
கூட்டாளியிடம் சொன்னான்:
"நெல்லுச் சுணைடா மச்சான். மூணு நாள் அரிக்கும்."
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
உபயோகமான காரணம் அது.

அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர்.
தூக்கு, இறக்கு, நிறுத்து:
அவருடைய மொத்த இங்கிலீஷ்.
தேங்க்யூ, குடித்தால் மட்டும்.
எனக்கு ஆறு மாசம் இருக்கும்போது
சட்டைப்பையிலிருந்த போட்டோவை
ஒரு கப்பல் சமையல்காரனிடம் காட்டினாராம்.
"எலன்" என்றாராம் இவர்.
"ஆ, நெல்" என்றானாம் அவன்,
சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டானாம்.
ஒரு பால் டப்பாவும் அந்தப் பெயரும்
அன்றைக்கு வீட்டுக்கு வந்தன.
டப்பாவை ஜீரோ கேட்டில் பிரித்துப் பார்த்தார்கள்.
பெயரைப் பார்க்கவில்லை.

இப்போது மணலி ரோட்டில்
கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதுகிறேன்.
போன ஆடியில் ஒரு நாற்பதடி,
சீல் உடைத்தால் உள்ளே வேஸ்ட் பேப்பர்,
கூழாக்கச் சீமையிலிருந்து வந்தது.
கட்டின் ஓரத்தில் தொங்கியது பாதிப் பக்கம்,
பிள்ளைகளுக்குப் பெயர் தேடுகிற புத்தகத்துடையது.
மழையில் ஊறி, நடுவில் பூட்ஸ் தடம்.
தடத்துக்குள் நான்.

நெல்: எலனைக் கொஞ்சுகிற பெயர்.
"என்" என்பதற்கு அந்தக் காலத்தில்
"மைன்" என்றார்களாம்.
மைன் எல், மைன் எல் என்று
வாய் ஓயாமல் கூப்பிட்டதில்
முதல் சொல்லின் கடைசிச் சத்தம் கழன்று
அடுத்த சொல்லோடு ஓடிவிட்டதாம்.

ப்ளஸ் டூ தமிழில் நான் பார்டர் பாஸ்.
ஆனாலும் புரிந்தது.
என் கூட எல் சேர்ந்தால் என்னெல்.
இரட்டித்ததில் ஒன்று
தனியாக முன்வாசலில் நிற்கப் போனால்
தமிழ் விடாது, சொல்லுக்கு முதலில் ன வராது.
ந என்று சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறது.
நெல்.

அப்படியானால் இத்தனை வருஷமும்
வட்டிக்குக் கதவைத் தட்டிய புண்ணியகோடி
"இன்னா நெல்லு, எப்போ குடுப்பே" என்றபோதெல்லாம்
என் எலனே, எப்போது தருவாய் என்றிருக்கிறான்.
கோர்ட்டுத் தாளோடு வந்த ஸ்டீபன்
"நெல்லு, இங்க ஒரு கையெழுத்து" என்று
விரல் வைத்துக் காட்டியபோதும்.
சிரிப்பு வந்தது.
பாதியில் நின்றுவிட்டது.

முதல் "என்" யாருடையது?
அப்பாவுடையது இல்லை, அவருக்கு அர்த்தம் தெரியாது.
அந்தச் சமையல்காரனுக்கு
ஊரில் வேறொரு நெல் இருந்திருக்கலாம்.
அவளுக்கென்று மூடி வைத்திருந்ததை
எனக்குப் பரிமாறிவிட்டானோ.

பக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை.
எடை குறைந்தால்
நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

ராத்திரி ஒன்றரை.
எண்ணெய்க் கம்பெனிப் புகைபோக்கி உச்சியில்
தீ புரண்டு படுக்கிறது.
வாக்கிடாக்கி இரைகிறது,
கிரேன் உச்சியிலிருந்து கஜா.
"நெல்லு... நெல்லு... கீறியா?"

"சொல்லு."